விழுந்த மரத்தில் ஆள் போகிற அகலம் மட்டும் அறுத்துக் கொடுங்கள்

ஜவ்வாது மலைக் காடுகளைப் பார்த்துக்கொள்ளும் வனத்துறை அதிகாரிகளுக்கும், மலை ஊராட்சிகளின் தலைவர்களுக்கும் வணக்கம்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழைக்காலத்தில் மலைப் பாதைகளுக்குக் குறுக்கே சாய்கிற மரங்களில், தலைச்சுமையோடு ஒரு ஆள் நிமிர்ந்து போகிற அகலத்துக்கு மட்டும் அறுத்து வழி விடுங்கள். அந்த வேலையை அந்தந்த மலைக் கிராமத்து ஆட்களுக்கே கொடுங்கள். எழுத்தில் அனுமதி கொடுங்கள், கூலியும் கொடுங்கள். மீதி மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

நான் காட்பாடியில் குடியிருப்பவன். தோல் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதுகிறேன். விடுமுறை கிடைத்தால் முதுகுப்பையை மாட்டிக்கொண்டு மலைப்பக்கம் போய்விடுவேன். மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில், தண்ணியில்லா ஆறு, மரமில்லா மலை என்று வேலூரைப் பற்றி ஒரு சொலவடை உண்டு. 1981இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள் மறுபடி சாமி வந்தாயிற்று. மரமில்லா மலை என்பதும் ஊரைச் சுற்றி நிற்கிற பாறைக் குன்றுகளுக்குத்தான் பொருந்தும். கணியம்பாடி தாண்டி அமிர்தி பக்கமோ, ஒடுகத்தூர் தாண்டிப் பீஞ்சமந்தை பக்கமோ போனால் வேங்கையும் கடுக்காயும் நாவலும் மூங்கிலும் இன்னும் அடர்ந்து நிற்கின்றன. அந்தக் காடு எங்கள் மாவட்டத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் பெருமை. அதனால்தான் இந்த மடல்.

போன மழைக்காலம் முடிந்த கையோடு, அனுமதி வாங்கிக்கொண்டு, அடிவாரத்திலிருந்து மேலே இருக்கிற ஒரு சிற்றூர் வரை நடந்தோம். நானும், கூட வேலை செய்கிற இரண்டு பேரும், வழிகாட்ட அந்த ஊர்க்காரர் ஒருவரும். இரவு அவர் வீட்டிலேயே தங்குவதாக ஏற்பாடு. பாதையின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அந்த ஒரு பாதையைப் பற்றிய பேச்சாகவே இது முடிந்துவிடும். மற்றப் பாதைகளிலும் இதைப் பார்த்திருக்கிறேன்.

மதியச் சோற்றுக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்றுதான் அவர் சொல்லியிருந்தார். முதல் மரம் ஒரு துரிஞ்சி. வேரோடு பிடுங்கிக்கொண்டு, வேர்ப்பிடியில் பாதி மண்ணையும் தூக்கிக்கொண்டு சாய்ந்திருந்தது. முதுகில் பையோடு அதன் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கினோம். அதொன்றும் பெரிய விஷயமில்லை. கொஞ்ச தூரத்தில் இன்னொன்று. அது இடுப்புக்கு மேல் உயரத்தில் குறுக்கே தொங்கியது, பையைக் கழற்றித் தள்ளிவிட்டுக் கீழே ஊர்ந்து போனோம். அதற்கப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டோம். சில இடங்களில் ஒரு மரம் விழும்போது பக்கத்து மரங்களையும் கொடிகளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு விழுந்திருந்தது. அங்கே ஏறவும் முடியாது, ஊரவும் முடியாது, சுற்றித்தான் போக வேண்டும்.

சுற்றிப் போவதில்தான் எல்லாச் சிக்கலும். பாதை என்பது பல தலைமுறை ஆட்கள் நடந்து, எங்கே காலை வைத்தால் மண் சரியாது என்று பார்த்து வைத்த இடம். அதை விட்டு நாலடி கீழே இறங்கினால் சரளை. ஒரு காலை ஊன்றி மறு காலை எடுப்பதற்குள் ஊன்றிய கால் நழுவுகிறது. பையின் பாரம் பின்னுக்கு இழுக்கிறது. பிடித்துக்கொள்ளக் கை நீட்டினால் சூரை முள். என்னுடன் வந்தவர்களில் ஒருவர் அப்படி நழுவிப் பள்ளத்தில் ஒரு பாறைமேல் போய் உட்கார்ந்துவிட்டார். நல்லவேளை, சிராய்ப்போடு போயிற்று. மேலும் அந்தச் சரிவில் எங்களுக்கு முன்னால் போனவர்களின் தடங்களும் தெரிந்தன. ஒருவர் மேலே சுற்றியிருக்கிறார், ஒருவர் கீழே, இன்னொருவர் அதற்கும் கீழே. ஒரு மரம் விழுந்த இடத்தில் மூன்று நான்கு புதுத் தடங்கள். அடுத்த மழையில் அவை ஒவ்வொன்றும் தண்ணீர் ஓடுகிற வாய்க்காலாகும். மண்ணை அரித்து இறக்கும். பாதைக்கு மேலே நிற்கிற அடுத்த மரத்தின் வேரையும் அது தளர்த்தும்.

மரம் விழுந்ததால் மேலே வானம் திறந்து வெயில் விழுகிற இடங்களில் உண்ணிச்செடி மண்டிவிடுகிறது. ஒரே மழைக்காலத்தில் ஆள் உயரம். அதற்குள் பாதை எங்கே போனது என்று எங்களுக்குத் துளியும் தெரியவில்லை. வழிகாட்டியவர் மட்டும் நின்று, திரும்பி, ஏதோ ஒரு பாறையை அடையாளம் வைத்து எங்களை மறுபடி பாதையில் சேர்த்தார். அவர் இல்லாவிட்டால் அன்று என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்கு விருப்பமில்லை.

மூங்கில் புதரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முள் மூங்கில் பூத்து முடிந்தால் புதரே காய்ந்து சாகும் என்பது உங்களுக்குத் தெரியும். காய்ந்த புதர் காற்றில் மொத்தமாகப் படுத்துவிட்டால் அது மரம் விழுந்தது போல் இல்லை. நூறு கழிகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக்கொண்டு, சில வளைந்து நாண் ஏற்றிய வில்லாக நிற்கின்றன. தெரியாமல் ஒன்றை வெட்டினாலோ மிதித்தாலோ அது விசிறி அடிக்கும். முகத்துக்கு நேராக வந்தால் கண் போகும். அந்த ஒரு புதரைத் தாண்ட எங்களுக்கு ஆன நேரத்தில் வழக்கமான நாளில் பாதி மலை ஏறியிருக்கலாம். மதியச் சோற்றுக்குப் போக வேண்டியவர்கள் ஊரைப் பார்த்தபோது விளக்கு வைத்துவிட்டார்கள். கரடி நடமாடுகிற நேரம் என்று அவர் வழியெல்லாம் கையைத் தட்டிக்கொண்டே வந்தார்.

ஒரு நாள் பொழுதுபோக்குக்கு வந்தவனின் அலுப்பு என்று இதை ஒதுக்கிவிட வேண்டாம். நான் பையைக் கழற்றி வைத்துவிட்டு உட்காரலாம். வேண்டாமென்றால் திரும்பிப் போகலாம். வழியில் எங்களுக்கு முன்னால் இரண்டு பெண்கள் ரேஷன் அரிசியைத் தலையில் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்கள். தலையில் 20 கிலோ மூட்டை இருக்கும்போது குனிய முடியாது, தாண்டவும் முடியாது. ஒவ்வொரு மரத்திலும் மூட்டையை இறக்கி, அந்தப் பக்கம் தள்ளி, ஒருவர் தாண்டி, மறுபடி ஒருவருக்கொருவர் தூக்கிவிட்டுக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு மூன்று இடங்களில் கை கொடுத்தோம். மற்ற நாட்களில் யார் கொடுப்பார்கள்? தனியாக வருகிற பெண் இறக்கிய மூட்டையை மறுபடி எப்படித் தலைக்கு ஏற்றுவாள்?

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. சாலை போகாத ஊர்களில் உடம்பு சரியில்லாதவர்களையும் பிள்ளைப்பேற்றுக்குப் போகிறவர்களையும் கழியில் தூளி கட்டித்தான் தூக்கி இறக்குகிறார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர், மாற்றாளாகக் கூடவே சிலர். குறுக்கே கிடக்கிற மரத்தின் கீழே தூளி ஊர்ந்து போகாது. சரளைச் சரிவில் தூளியோடு சுற்றிப் போவது இரண்டு உயிருக்கு ஆபத்து. இதே வேலூர் மாவட்டத்தில், அல்லேரி மலையில், 2023 மே மாதம் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று இறந்தது. வண்டி போகப் பாதை இல்லாததால் அந்தக் குழந்தையின் உடலைத் தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். மாநிலமே அதைப் பார்த்துக் கலங்கியது. சாலை போடுவது பெரிய வேலை, பல துறைகளின் ஒப்புதல் வேண்டும், வருடங்கள் பிடிக்கும். சரி, அது நடக்கட்டும். நடக்கிற பாதையையாவது திறந்து வைப்பது ஒரு வாரத்து வேலை.

ஊர்க்காரர்களே ஏன் அறுத்துவிடவில்லை என்று எனக்கும் தோன்றியது. வழிகாட்டியவரிடம் கேட்டேன். "நாங்க கோடாரி எடுத்தா கேஸு ஆயிடும் சார். எடுக்கலன்னா பாதை மூடிக்கும். மூடிக்கட்டும்னு உட்டுட்டோம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மழை வரும் என்பது போலச் சொன்னார்.

அந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இது சந்தன மலை. திருப்பத்தூரில் அரசு சந்தனக் கிடங்கே இருக்கிறது. மரம் கடத்தியவர்களால் மலைக்காரர்கள் எல்லார் மேலும் சந்தேகம் படிந்துபோன மண் இது. 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டியதாகச் சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரத்தையும் சேர்ந்தவர்கள். அதற்குப் பிறகு இந்த மலையில் ஒரு மனிதன் கோடாரியோடு காட்டுக்குள் நிற்கத் தயங்குவதில் வியப்பு என்ன? காப்புக்காட்டில் விழுந்த மரமும் அரசு மரம்தான். 2006 வன உரிமைச் சட்டம் தேன், புளி, கடுக்காய் மாதிரியான சிறு வனப்பொருள்களுக்கு மலைவாழ் மக்களுக்கு உரிமை கொடுத்தது. வெட்டுமரம் அதில் சேராது. ஆகவே எந்த அனுமதியும் இல்லாமல் அறுக்கச் சொல்லி நான் யாரையும் தூண்டவில்லை. அனுமதியை நீங்கள் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

விழுந்த மரத்தைத் தொடக்கூடாது என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். 2000 பிப்ரவரியில் வந்த அந்த உத்தரவு தேசியப் பூங்காக்களுக்கும் சரணாலயங்களுக்கும் உரியது. பட்ட மரம், காற்றில் விழுந்த மரம், புல் எதையும் அங்கிருந்து அகற்றக்கூடாது என்பது அதன் சாரம். நமது மலையில் நான் பேசுவது காப்புக்காட்டுப் பாதைகளைப் பற்றி. அதுவும் மரத்தை அகற்றச் சொல்லவில்லை. வெளியே ஒரு கட்டை கூடப் போக வேண்டாம்.

இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன். விழுந்த மரம் காட்டுக்கு வேண்டும். அது மட்கி மண்ணாவதற்குள் காளானும் கறையானும் வண்டும் பல்லியும் அதில் குடியிருந்துவிடும். அடுத்த தலைமுறை மரம் அந்த ஈரத்தில்தான் முளைக்கும். பாதையை அகலமாக்கி, இரண்டு பக்கமும் சுத்தம் செய்து, பூங்கா மாதிரி ஆக்கிவிடுங்கள் என்று யாராவது திட்டம் கொண்டுவந்தால் முதல் ஆளாக எதிர்ப்பேன். எனக்குத் தெரிந்தவரை நாலடி அகலம் போதும். குறுக்கே கிடக்கிற தண்டில் இரண்டு அறுப்பு. நடுத்துண்டை உருட்டிப் பாதையின் கீழ்ப்பக்கம் ஓரமாகப் போட்டால் மண் சரியாமல் அதுவே பிடித்துக்கொள்ளும். மழைத்தண்ணீர் பாதை வழியே ஓடாமல் திருப்பிவிட வேண்டிய இடத்தில் சாய்வாகப் புதைத்தும் வைக்கலாம். அதற்கு இயந்திர ரம்பம் கூட வேண்டியதில்லை. அமெரிக்காவில் 1964இல் வந்த சட்டப்படி வனாந்தரம் என்று ஒதுக்கிய காடுகளில் இயந்திரம் கூடாது. அங்கே இன்றும் பாதைகளில் விழுகிற பெருமரங்களை இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுக்கிற ரம்பத்தால் அறுக்கிறார்கள். அந்த ரம்பம் நம்மூர் மர அறுப்புக்காரர்கள் காலம் காலமாக வைத்திருந்ததுதான். சத்தமும் இல்லை, புகையும் இல்லை.

ஆனால் அறுக்கத் தெரிந்தவர்தான் அறுக்க வேண்டும். சரிவில் விழுந்த மரம் ஒரு பக்கம் அழுந்தியும் மறுபக்கம் இழுபட்டும் கிடக்கும். அழுந்துகிற பக்கத்தில் ரம்பத்தை வைத்தால் வாள் சிக்கும். இழுபடுகிற பக்கத்தை மொத்தமாக அறுத்தால் தண்டு பிளந்து துள்ளும். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை அறுத்ததும் வேர்ப்பிடி சில சமயம் எழுந்து பழைய குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். அந்தக் குழியில் ஆள் நின்றால் அவ்வளவுதான். இதெல்லாம் மலைக் கிராமத்துப் பெரியவர்களுக்குக் கைப்பழக்கம். ஒப்பந்தக்காரர் நகரத்திலிருந்து கூட்டி வருகிற ஆட்களுக்கு அது கிடையாது. கூலி ஊருக்கு வெளியே போவதும் சரியல்ல.

ஆட்களை எங்கே தேடுவது என்ற கேள்வியே இல்லை. 1997இல் ஜப்பான் கடனுதவியோடு தொடங்கிய தமிழ்நாடு காடு வளர்ப்புத் திட்டத்தில் கிராம வனக்குழுக்கள் அமைக்கப்பட்டன. கோடையில் தீத்தடுப்புக் காவலர்களாக மலைக்காரர்களையே வேலைக்கு எடுக்கும் வழக்கமும் இருக்கிறது. தை, மாசியில் தீத்தடுப்புக் கோடு செதுக்கும்போது அதே ஆட்கள், அதே கூலிப் பட்டியலில், பாதை மரங்களையும் பார்த்துவிடலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று உறவுள்ள வேலை. விழுந்து காய்ந்த மூங்கில் பாதையை அடைத்துக்கொண்டு கிடந்தால் தீ வரும்போது தப்பி ஓடும் வழியும் அடைபடும், எரிகிற விறகும் அதுவே ஆகும். 2018 மார்ச்சில் குரங்கணியில் 23 பேர் இறந்ததை மறக்க முடியுமா? காட்டுத்தீயில் வழி தெரியாமல் சரிவில் சிதறி ஓடினால் என்ன நடக்கும் என்று அன்று பார்த்தோம். தீயணைக்கப் போகிற உங்கள் வனக்காப்பாளர்களும் இதே பாதையில்தான் ஓட வேண்டும். அவர்கள் உயிருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

மரம் திருட இது ஒரு வழியாகிவிடுமோ என்ற உங்கள் கவலையும் நியாயம். குறுக்கே விழுந்தது சந்தனமோ, தேக்கோ, ஈட்டியோ என்றால் யாரும் தொட வேண்டாம். வனவர் வந்து பார்த்து, எண் எழுதி, சுத்தியல் முத்திரை போட்டுக் கீழே கொண்டு போகட்டும். துரிஞ்சி, நாவல், மூங்கில் என்று மற்றதற்கு வனக்குழுவிடம் ஒரு பதிவேடு இருந்தால் போதும். எந்தப் பாதை, எந்த இடம், என்ன மரம், யார் அறுத்தது, அறுப்பதற்கு முன்னும் பின்னும் கைப்பேசியில் ஒரு படம். இன்று எந்தச் சிற்றூரிலும் ஒரு பையன் கையில் கைப்பேசி இருக்கிறது. இப்படிப் பதிவு இருப்பது ஊர்க்காரருக்கும் காப்பு. நாளை யாராவது நீ ஏன் ரம்பம் வைத்திருந்தாய் என்று கேட்டால் காட்ட ஒரு தாள் இருக்கும்.

2024 அக்டோபரில் அரசு மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியபோது 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அறிவித்தது. பக்கத்துத் திருப்பத்தூர் மாவட்டத்தின் ஏலகிரி சுவாமிமலையும் ஜலகாம்பாறையும் அதில் உண்டு. வேலூர் மாவட்டம் அதில் இல்லை. எங்கள் பாதைகளும் சேர வேண்டும் என்று ஆசைதான். ஆனாலும் கட்டணம் கட்டிவிட்டு வருகிற எங்களுக்காகப் பாதை திறப்பதற்கு முன்னால், மூட்டை சுமந்து ஏறுகிற அந்தப் பெண்களுக்காகத் திறக்க வேண்டும். அவர்களுக்குச் சரியான பாதை எங்களுக்கு ராஜபாட்டை.

என்னைப் போல் பை மாட்டிக்கொண்டு வருகிறவர்களுக்கும் இதிலேயே ஒன்றிரண்டு வார்த்தை. கையில் சின்ன ரம்பமோ கத்தியோ வைத்துக்கொண்டு நாமே வழி உண்டாக்கப் பார்க்க வேண்டாம். நாம் அறுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவோம், கேள்வி ஊர்க்காரரிடம் வரும். முடிந்தவரை மரத்தின் மேலேயோ கீழேயோ போங்கள், புதுத் தடம் போடாதீர்கள். சுற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற தடத்திலேயே எல்லாரும் போங்கள். திரும்பி வந்ததும் மரம் கிடக்கிற இடத்தைப் படத்தோடு வனச்சரக அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். வழிகாட்டியவருக்கு ஒரு நாள் கூலிக்குப் பேசியிருந்தாலும், மரங்களால் நடை இருட்டும் வரை இழுத்துவிட்டால், அந்த நேரத்துக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் திருவண்ணாமலைப் பக்கம் கொட்டிய மழையில் மலையே சரிந்து ஏழு பேரைக் கொண்டுபோனது. வடகிழக்குப் பருவமழை இனி எப்படி வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பாறைமேல் மெல்லிய மண்ணில் நிற்கிற மரங்கள் ஊறினால் சாயத்தான் செய்யும். அதை யாரும் தடுக்க முடியாது, மரம் விழுந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லவும் இல்லை.

ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 2ஆம் தேதி கிராமசபை கூடுகிறது. மழை தொடங்குகிற நேரமும் அதுதான். இந்த முறை பீஞ்சமந்தை, பாலாம்பட்டு, ஜார்தான்கொல்லை ஊராட்சிகளில் கூடும்போது பாதை மரங்களைப் பற்றி ஒரு தீர்மானம் வையுங்கள். எந்தெந்தப் பாதை முக்கியம் என்று ஊரே சொல்லட்டும். பள்ளிக்குப் போகிற பாதை முதலிலா, ரேஷன் கடைக்குப் போகிற பாதை முதலிலா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். வனத்துறையிலிருந்து ஒருவர் அந்தக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்து, எத்தனை அடி அகலம், எந்த மரத்தைத் தொடக்கூடாது, கூலி எவ்வளவு என்று அங்கேயே பேசி எழுதிக் கொடுத்துவிட்டால், தை பிறந்ததும் வேலையைத் தொடங்கிவிடலாம். பதிவேட்டுக்கு நோட்டும், படம் ஏற்றிக் கணக்கு வைக்க ஆளும் வேண்டுமென்றால் நானும் என் நண்பர்களும் வருகிறோம். கணக்கு எழுதுவது எனக்குத் தெரிந்த வேலை, அதற்குக் கூலி வேண்டாம்.

இப்படிக்கு,
காட்பாடியிலிருந்து, மலையில் நடக்கிற ஒருவன்